இழை: தேவசகாயத்தின் துணிவு கடன்காரனுக்கும் கிடைக்குமா?

மலையோரத்தான் எழுதியது:

இயேசுவுக்குப் புகழ். இந்த மன்றத்தில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன், எழுதுவது இதுவே முதல் முறை. குமரி மாவட்டம் கல்குளம் பகுதியில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) நிலம் எடுத்து ஏத்தன் வாழை வைத்திருந்தேன். தொள்ளாயிரம் மூடு இருந்தன. ஓணச் சந்தையைக் கணக்கிட்டு நட்டவை. இன்னும் ஐந்து வாரத்தில் வெட்டியிருக்கலாம். ஆடி பிறந்த மூன்றாம் நாள் இரவில் அடித்த காற்றில் அறுநூறுக்கு மேல் குலையோடு சாய்ந்துவிட்டன. அதே மாதத்தில் கறவை மாடு ஒன்றும் செத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கடன், தனியாரிடம் வட்டிக்கு ஒரு கடன் என்று இரண்டு இருக்கின்றன.

கடந்த ஞாயிறு மறையுரையில் அருட்தந்தை, விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட மறைசாட்சி புனித தேவசகாயத்தின் துணிவைப் பற்றிப் பேசினார். கையிலும் காலிலும் சங்கிலியோடு மண்டியிட்டு நிற்கும் அந்தச் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துப்பாக்கிக்கு முன்னால் அசையாமல் நின்றவர் அவர். எனக்கோ வட்டிக்காரருடைய தொலைபேசி அழைப்பை எடுப்பதற்கே கை வரவில்லை. விசுவாசம் தரும் துணிவு என்பது மறைசாட்சிகளுக்கு மட்டும் உரியதா என்று கேட்கத் தோன்றியது. "அஞ்சாதே" என்று எழுதிய படங்களை உறவினர்கள் நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை வாசித்தால் அச்சம் நீங்கும் என்றால் எனக்கு எப்போதோ நீங்கியிருக்க வேண்டும். சில இரவுகளில், விடியாமலே போனால் நன்றாயிருக்கும் என்றும் நினைக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள்?

---

ஜெபவீரன் எழுதியது:

சகோதரரே, சோர்வு சத்துரு கொண்டுவருவது. யோபுவுக்கு இழந்தது எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்று வேதம் சொல்லுகிறது. நீங்களும் சந்தேகப்படாமல் இப்போதே ஸ்தோத்திரம் செலுத்தத் தொடங்குங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணன், மற்றவர்கள் தேவசகாயத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் உங்கள் கடைசி வரிகளில் ஒன்றை நிறுத்திக் கேட்கிறேன். "விடியாமலே போனால்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியாக வேலை செய்கிறேன். இந்த வாக்கியத்தை வெறும் பேச்சு என்று கடந்துபோக என்னால் முடியாது. இன்று இரவு வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு இது தெரியுமா? டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணும் உண்டு. அழைப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

கர்மேல் மலையில் நானூற்றைம்பது பேரை எதிர்த்து நின்ற தீர்க்கதரிசி எலியா, அரசி யேசபேல் அனுப்பிய ஓர் ஆளின் கொலை மிரட்டலைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். நான் அந்த அதிகாரத்தை ஒரு நோயாளியின் குறிப்பேட்டைப் போல வாசிப்பேன். முதலில் அவர் தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லப்படுகிறதே தவிர, சாகக் கேட்டதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. நீங்கள் கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள், எப்போது தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை எனக்குப் பதிலாக எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

---

மலையோரத்தான் எழுதியது:

சகோதரி, மனைவி இருக்கிறாள். தம்பியை இன்று இங்கே தங்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இன்றைக்குக் கஞ்சி குடித்தேன். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன்.

---

பழைய_உபதேசியார் எழுதியது:

தம்பி, நான் நட்டாலம் பக்கத்துக்காரன். நாற்பது ஆண்டு உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சுரூபத்தில் சங்கிலியைப் பார்த்தீர்கள். சங்கிலி 1749-இல்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பதை மறையுரைகளில் நாங்கள் விரைவாகக் கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கடந்திருக்கிறேன்.

அப்போது அவர் பெயர் நீலகண்டன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். பரம்பரையாக நாங்கள் கேட்டும் சொல்லியும் வரும் வரலாறு இதுதான்: அவருடைய வீட்டில் அடுத்தடுத்து இழப்பு வந்தது, பயிர் போயிற்று, கால்நடைகள் செத்தன. செய்ய வேண்டிய வழிபாடுகளை எல்லாம் செய்தும் நிற்கவில்லை. உதயகிரிக் கோட்டை வேலையில் அவர் பழகிய டிலனாய், அவருடைய முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். கேட்ட பிறகு அவர் எடுத்துச் சொன்னது மலைப்பொழிவையோ நரகத்தையோ அல்ல, யோபுவின் கதையை. ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர் மாடு, ஐந்நூறு கழுதை வைத்திருந்த ஒருவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிள்ளைகளையும் இழந்து, பிறகு உடல் முழுவதும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டிருந்த கதையை. வாழையும் மாடும் போன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சொன்னவர் யார் என்பதையும் பாருங்கள். டிலனாய் 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிக்காகப் போரிட்டுத் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் கைதியாகப் பிடிபட்டவர். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி "வலிய கப்பித்தான்" என்று பெயர் பெற்று, 1777-இல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் நீலகண்டனோடு பழகிய நாளில் அவர் ஊர் திரும்ப வழியற்ற தோற்றுப்போன மனிதர். அவர் மேடையிலிருந்து பேசவில்லை, இன்னொரு சாம்பல் குவியலிலிருந்து பேசினார். அதனால்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். கடவுளே உதவி என்பது அதன் பொருள். உதவி தேவைப்பட்ட மனிதனுக்கு வைத்த பெயர் அது. செத்த மாடுகள் அவருக்குத் திரும்பக் கிடைத்ததாக எங்கள் பக்கத்துக் கதையில் இல்லை. 1752 ஜனவரி 14 இரவில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்ததைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். சங்கிலியோடு நின்ற துணிவு, மாடு செத்த தொழுவத்தில் தொடங்கியது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுவே: அது முதலில் இழந்தவனுக்கு வந்தது, பிறகுதான் மறைசாட்சிக்கு வந்தது.

ஜெபவீரன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இரட்டிப்பு நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. இவர் இப்போது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறார். அந்த அதிகாரத்தின் முடிவில் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

---

ஐயுறு_தோமா எழுதியது:

உபதேசியார் ஐயாவை மதித்தே எழுதுகிறேன். நானும் இந்த மாவட்டத்துக்காரன், திருமுழுக்குப் பெற்றவன், இப்போது கோயிலுக்குப் போவதில்லை. யோபுவின் கதையை டிலனாய் சொன்னார் என்பது மரபுவழிச் செய்தி என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்; அது நேர்மை. தேவசகாயத்தின் சாவைப் பற்றிக் கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் குறிப்பு இருக்கிறது, அது வலுவான சான்று. அதே நேரத்தில், அவர் கொல்லப்பட்ட காரணம் மதமா அரசியலா என்று கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. மதத்துக்காக இல்லை என்று நான் வாதாடவில்லை. சாதி பாராமல் எல்லோரோடும் அவர் பழகியதும் அரண்மனையில் இருந்தவர்களுக்கு எரிச்சலூட்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் இடறல் வேறு. கடனில் மூழ்கிய ஒரு விவசாயியிடம் மறைசாட்சியின் பொறுமையைச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. "சங்கிலியைத் தாங்கினார், நீயும் தாங்கு" என்று அது முடிந்துவிடக் கூடும். காப்பீடு ஏன் கிடைக்கவில்லை, பாட்டக்காரனுக்கு நிவாரணம் ஏன் எட்டுவதில்லை, வட்டி எத்தனை என்று எவரும் கேட்காமல் போய்விடுவார்கள். நிலத்தின் பட்டா உடைமையாளர் பேரில் இருக்கும், சாய்ந்த வாழை குத்தகைக்காரனுடையதாக இருக்கும். சேதக் கணக்கு எழுத வருகிறவர் பட்டாவைத்தான் கேட்பார். வட்டிக்காரரிடம் வாய் திறக்க உதவாத விசுவாசத்தைத் துணிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

நெய்யூர்க்காரி எழுதியது:

தோமா அண்ணன் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். ஆனால் வேதத்தின் மீது அந்தப் பழியைப் போட முடியாது, அதைப் பாதியாக வெட்டி வாசிக்கிற நம் மீதுதான் போட வேண்டும். எங்கள் சபையில் சாவு வீட்டில் தவறாமல் எடுத்துச் சொல்லப்படும் வசனம் யோபு 13:15: "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." நாள்காட்டியிலும் இவ்வளவுதான் அச்சிடுவார்கள். அதே வசனம் அரைப்புள்ளிக்குப் பின் தொடர்ந்து, தன் வழிகளை அவருக்கு முன்பாகவே எடுத்துவைத்து வழக்காடுவேன் என்று சொல்லுகிறது. யோபு கடவுளை நீதிமன்றத்துக்கு அழைக்கிறான். முதல் பாதியை மட்டும் வாசித்தால் அவன் பொறுமைசாலி; முழுவதையும் வாசித்தால் அவன் வாதி. புத்தகத்தின் முடிவில் கடவுள், தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைப் பார்த்து, யோபு பேசினதுபோல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். முறையிட்டவன் சரியாகப் பேசினான், ஆறுதல் சொன்னவர்கள் தவறாகப் பேசினார்கள் என்ற இந்தத் தீர்ப்பை நான் முதன்முதலாகக் கவனித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் இறந்து நான்கு மாதம் வரை என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆயர் அம்மா வந்தபோது அதைச் சொன்னேன். அவர்கள் 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு எதுவும் விளக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். (கத்தோலிக்க விவிலியத்தில் அதைத் திருப்பாடல் என்பீர்கள்.) புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் இறுதியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. அப்படி முடிகிற ஒன்றையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்குப் பிடிமானமாக இருந்தது. என் நிலைமைக்கும் உள்ளே ஓர் இடம் உண்டு, வெளியே போய் நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. எனக்கு அப்போது வந்தது துணிவா என்று தெரியாது. மறுநாள் கதவைத் திறந்து பால் வாங்கினேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், உபதேசியார் ஐயா கோபிக்கக் கூடாது. தேவசகாயத்தின் மனைவி பார்கவி, ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றவர், கணவர் கொல்லப்பட்ட பிறகும் வடக்கன்குளத்தில் வாழ்ந்தாரே, அவருடைய துணிவைப் பற்றி எத்தனை மறையுரை கேட்டிருக்கிறோம்?

---

பழைய_உபதேசியார் எழுதியது:

கோபம் இல்லை, அம்மா. நாற்பது ஆண்டில் ஒரு முறைகூட நான் அதைப் பேசவில்லை.

---

தூத்தூர்க்_கடலோடி எழுதியது:

எனக்குப் புத்தகப் படிப்பு குறைவு. எங்களுக்குத் தெரிந்த பகுதி ஒன்றைச் சொல்கிறேன். பவுல் கைதியாக ரோமுக்குப் போன கப்பல் உடைந்த கதை, அப்போஸ்தலர் 27. எங்கள் பங்கில் திருத்தூதர் பணிகள் என்போம். கரையில் இருப்பவர்கள் அதைப் பவுலின் விசுவாசக் கதையாக வாசிக்கிறார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு அது முழுக்க முழுக்க வேலைக் கதை. காற்றுக்கு எதிராகப் பிடிக்க முடியாமல் கப்பலை விட்டுவிடுகிறார்கள், சரக்கை எறிகிறார்கள், தளவாடத்தையும் எறிகிறார்கள். பல நாள் சூரியனும் நட்சத்திரமும் தெரியவில்லை, தப்பிப் பிழைப்போம் என்ற நம்பிக்கை முழுவதும் அற்றுப்போயிற்று என்று எழுதியிருக்கிறது. பவுலும் அதே கப்பலில்தான் இருந்தார். பதினாலாம் இரவில் விழுது விட்டுப் பார்த்தால் இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் பதினைந்து பாகம். நாங்களும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வோம். பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டு, எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். மலையோரத்தான் விடியாமல் போகட்டும் என்கிறார். அந்த 276 பேரும் விடியட்டும் என்று கிடந்தார்கள். அந்த நேரத்தில் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லோர் முன்பாகவும் நன்றி சொல்லி, பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். கப்பல் தப்பவில்லை. ஆட்கள் பலகைகளைப் பிடித்து மெலித்தாவில் கரையேறினார்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்தது. என் மைத்துனர் ஆழ்கடலில் இருந்தார். அவர் வரவில்லை, உடலும் வரவில்லை. அந்த வாரத்தில் எனக்கு விசுவாசமே இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். குருக்களும் கூட வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய் செபமாலையை விரல்களில் சுற்றி வைத்துக்கொண்டு, அதே கையை உயர்த்தி முழக்கம் இட்டார். தோமா கேட்கும் துணிவு அன்று அந்தக் கையில் இருந்தது. செபம் வேறு, கேள்வி கேட்பது வேறு என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை போலும்.

---

ஐயுறு_தோமா எழுதியது:

கடலோடி சொன்னதற்கு எதிராக எழுத என்னிடம் எதுவும் இல்லை. நானும் அன்று குழித்துறையில் இருந்தேன். மலையோரத்தான், பாட்டச் சீட்டு எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் உடைமையாளரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். சாய்ந்த வாழைகளை அகற்றுவதற்கு முன்னால் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிலும் எழுத்தில் கொடுங்கள். மனு எழுதுவது என் தொழில். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

---

மலையோரத்தான் எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். உபதேசியார் ஐயா என் தனிச்செய்திக்குப் பதிலாகப் பேருந்து ஏறி நேரில் வந்துவிட்டார். வயது எழுபத்தாறு. சாய்ந்து கிடந்த ஒரு வாழைத் தண்டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் ஏதோ செபம் சொல்லப் போகிறார் என்று தலைமுண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இருந்திருப்பார். அவருடைய வேட்டியில் வாழைக்கறை பட்டுக்கொண்டே இருந்தது, அது போகாது என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. பிறகு நான் அழுதேன். என் மனைவி கட்டன் சாயாவும் மரச்சீனிக்கிழங்கும் கொண்டுவந்தாள். மூவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவர் போன பிறகு யோபு மூன்றாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தேன். தான் பிறந்த நாளையே ஒருவன் சபிக்கிறான், அதை வேதம் என்று கோயிலில் முத்தமிடுகிறோம். எனக்குள் இருந்ததை எனக்கு முன்னால் ஒருவன் சொல்லிவிட்டான் என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. மறுநாள் காலை வட்டிக்காரருக்கு நானே தொலைபேசி செய்தேன். பயம் போகவில்லை, எண்ணை அழுத்தும்போது விரல் நடுங்கியது. முதலில் கத்தினார். நான் வைக்கவில்லை. கடைசியில் தை மாதம் வரை அசலைக் கேட்பதில்லை, வட்டியை மட்டும் கொடு என்றார். அந்த வட்டியே அநியாயம் என்று தோமா அண்ணன் சொல்வார்; அதையும் பேசத்தான் வேண்டும், ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

விளைச்சல் ஓரளவு ஏறியிருந்த குலைகளைக் கறிக்காயாக விற்றேன். ஓண விலையில் நாலில் ஒரு பங்குகூட வராது. மனு கொடுத்தாகிவிட்டது. சகோதரிக்கு: நேற்று ஐந்தரை மணி நேரம் தூங்கினேன். 14416-க்கு ஒரு முறை பேசினேன், நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், தம்பியும் கூட வருகிறான். நிற்கிற ஏறத்தாழ முந்நூறு மூட்டுக்கும் காற்று முடிவதற்குள் முட்டுக் கொடுத்துக் கட்ட வேண்டும். கயிறு வாங்கத்தான் கையில் இல்லை.

---

தூத்தூர்க்_கடலோடி எழுதியது:

ஜூலை 31 வரை எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது, நானும் கிடக்கிறேன். கழித்துப் போட்ட வலைக் கயிறு இரண்டு சாக்கு இருக்கிறது; உப்புத் தண்ணீரில் கிடந்தது, வாழைக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன், வேண்டுமானால் ஒரு முறை அலசிக் கொண்டுவருகிறேன். வியாழன் காலை எட்டு மணிக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். முடிச்சு நான் போட்டுத் தருகிறேன்.